நாய்களுக்குக் கால் கட்டும் நாற்பது நாள்

ஆல்டர் ஆற்றங்கரை, மாசசூசெட்ஸ் குடா
1645 ஜூன் 10

அன்பு மகள் தாமசினுக்கு அம்மா மார்ஜரி எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன், அதேபோல நீயும் மாப்பிள்ளையும் நான் இன்னும் கண்ணால் பார்க்காத பேரனும் இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அப்பா போன செய்தியைப் போதகர்தான் எழுதிக் கொடுத்தார், அதில் இருந்ததெல்லாம் அவர் வார்த்தை. இது என் கையெழுத்து. அப்பா இருந்தவரை பேனா அவர் கையிலேயே இருந்துவிட்டது, அதனால் கோணலைப் பார்த்துச் சிரிக்காமல் மெதுவாகப் படி.

இங்கிலாந்திலிருந்து உன் கடிதம் மே மாதக் கப்பலில் வந்தது. அங்கே தனியாக எதற்குக் கிடக்கிறாய், அடுப்புப் பக்கத்து அறை காலியாக இருக்கிறது, கிளம்பி வந்துவிடு என்று எழுதியிருந்தாய். படித்து அழுதேன். அது வந்த வாரம் எனக்கு இங்கே இருக்க இடம் உண்டா இல்லையா என்றே தெரியாமல் இருந்தது. இந்த ஊர்ச் சட்டம் உனக்குத் தெரியாது. ஊர் கொடுத்த வயலைப் பருவத்தில் நடாமல் போட்டுவிட்டால் ஊரே திரும்ப எடுத்துப் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்துவிடும். அந்தத் திங்கட்கிழமை கூட்டத்தில் என் வயலைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். வயல் போனால் யார் வீட்டிலாவது மாவு பிசைந்துகொண்டு அவர்கள் சொன்ன மூலையில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மக்காச்சோளத்துக்கு இங்கே உழவெல்லாம் இல்லை. மண்ணை மேடு மேடாகக் கூட்டி, ஒவ்வொரு மேட்டிலும் மூன்று மீனைப் புதைத்து அதன் மேல் விதை போட வேண்டும். வசந்தத்தில் ஆற்றில் மீன் ஏறும்போது எல்லாரும் பீப்பாயில் பிடித்து வைப்பார்கள். நாங்கள் வருவதற்கு முன்பே இந்த வயலில் மேடு இருந்தது. அதைப் போட்டவர்கள் இந்த நாட்டுப் பூர்வ ஜனங்கள், அவர்களில் வயல் வேலை பெண்களுடையதாம். நோயில் கொத்துக் கொத்தாகச் செத்துப்போனார்களாம், மீதி இருந்தவர்கள் மேற்கே போய்விட்டார்கள். மண்ணைக் கொத்தினால் அவர்களுடைய சிப்பி மண்வெட்டி இன்னும் கிடைக்கிறது. ஒன்றை ஜன்னலில் வைத்திருக்கிறேன். எத்தனை கைபட்டால் சிப்பி அப்படித் தேயும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மீனைப் புதைத்தால் நாய் சும்மா இருக்குமா. அதனால் நடவு தொடங்கி நாற்பது நாள் ஊரிலுள்ள எல்லா நாய்க்கும் ஒரு முன்னங்காலைத் தூக்கிக் கட்டிவிட வேண்டும், தோண்ட முடியாதபடி. நம் ராபினுக்கு அப்பாவின் காலுறை நாடாவால் கட்டினேன். அது தினமும் காலையில் மூன்று காலால் நொண்டிக்கொண்டு அப்பாவைப் புதைத்த மேட்டுக்கு ஏறும், பாதியில் விழும், மறுபடி எழும். எனக்குப் பொறுக்கவில்லை தாமசின். வியாழக்கிழமைப் பிரசங்கத்துக்குக் கிளம்பும்போது, ஊரே கோயிலில் இருக்கப்போகிறது, ஒரு நாள் அப்பாவின் மேட்டில் படுத்துவிட்டு வரட்டும் என்று அவிழ்த்துவிட்டேன். அது மேட்டுக்குப் போகவில்லை. பக்கத்து வயல் நெகேமியா பிளண்டின் நடவைத் தோண்டி, போதகர் ஆமென் சொல்வதற்குள் நூற்று நாற்பது மேட்டைக் கலைத்துவிட்டது.

நெகேமியாவைப் பற்றி அப்பா எழுதியிருப்பார், சிரித்தால் பல் கொட்டிவிடும் என்று நினைக்கிற மனிதர். வாசலில் வந்து நின்று, "மார்ஜரியம்மா, உங்க நாய் என் வயல்ல கல்யாண விருந்தே சாப்பிட்டுருக்கு, வந்து பாருங்க" என்றார். நாய் செய்தது நான் செய்தது, நானே நட்டுத் தருகிறேன் என்றேன். ஆற்றில் மீன் ஏறி முடிந்துவிட்டது. என் வயலில் இன்னும் நடாத பாதிக்காக வைத்திருந்த இரண்டு பீப்பாய் மீன்தான் இருந்தது. அதை உருட்டிக்கொண்டு போனேன். வெள்ளி முழுக்கக் குனிந்த முதுகு நிமிரவில்லை. சனியும் அப்படியே. சனிக்கிழமை சூரியன் விழுந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதன் பிறகு மண்ணைத் தொடக் கூடாது. சூரியன் மரத்தின் நுனிக்கு வந்தபோது பன்னிரண்டு மேடு பாக்கி. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்த நெகேமியா திடீரென்று உள்ளே வந்து எனக்கு எதிரே மண்டியிட்டார். அவர் குழி எடுக்க நான் மீன் வைத்தேன். கடைசி மேட்டைத் தட்டி எழுந்தபோது மரத்துக்கு மேல் சிவப்பு மட்டும்தான் மிச்சம்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பெண்களுக்குப் பேச இடமில்லை, நான் கதவோரம் நின்றேன். வயல் பாதி வெறுமையாகக் கிடக்கிறது, ஆண் துணையும் இல்லை, புதிதாக வந்த பெரிய குடும்பத்துக்காரர் ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். நெகேமியா எழுந்தார். "பாதி வெறுமையா இருக்குன்னா, அந்தப் பாதி என் வயல்ல இருக்கு. வந்து எண்ணிப் பாருங்க. ஆம்பளை இல்லேங்கறீங்க, அந்த மண்ணுல மொதல்ல மேடு போட்டதே பொம்பளைங்கதானய்யா" என்றார். பின் பெஞ்சிலிருந்து யாரோ, அப்படியே அந்த நாய்க்கும் ஒரு துண்டு எழுதிவிடலாம், நல்ல உழைப்பாளி என்றார்கள். போதகர்கூடச் சிரித்தார். வயல் என் பெயருக்கே நின்றது. மறுநாள் விடிந்து பார்த்தால் என் வேலியோரம் மீன் கூடைகள், வீட்டுக்கு ஒன்று, யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஜனங்கள் நடுவில்தான் அப்பா என்னை விட்டுப் போயிருக்கிறார்.

அதனால் நான் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அங்கே வந்தால் உன் அடுப்புப் பக்கத்து அறையில் நான் ஒரு விருந்தாளி. இங்கே ஊர்ப் புத்தகத்தில் மார்ஜரி ஃபென் என்று ஒரு வரி இருக்கிறது, அதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அங்கே ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் நடக்கிற சண்டையில் மாப்பிள்ளையை இழுத்துவிடாதபடி பார்த்துக்கொள், யார் கொட்டடித்துக் கூப்பிட்டாலும் தறியை விட்டு எழ வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். பிள்ளைக்குக் குளிர் தாக்காமல் நெஞ்சில் கம்பளி சுற்று. அடுத்த கப்பலில் ஊசியும் கொஞ்சம் டர்னிப் விதையும் அனுப்ப மறக்காதே. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் கைக்குள் வைத்துக் காப்பாராக.

ஒன்றை விட்டுவிட்டேன். நாற்பது நாள் முடிந்து போன செவ்வாய் ராபினின் கட்டை அவிழ்த்தேன். அவிழ்த்த பிறகும் அந்தக் காலை மடக்கியே வைத்துக்கொண்டு மூன்று காலால்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்றுக் காலை அப்பாவின் மேட்டுக்கு நானும் கூட ஏறினேன். பாதி வழியில் அது நின்று, கொஞ்சம் யோசித்து, நாலாவது காலைக் கீழே வைத்தது.

இப்படிக்கு,
உன் அம்மா,
மார்ஜரி ஃபென்