நீலத்தில் இல்லாத பள்ளம்

என்னைவிட அறிவாளி என்று நேரில் ஒருநாளும் நான் ஒப்புக்கொள்ளாத என் அக்காவுக்கு,

நீ போய் ஓராண்டு நிறைந்துவிட்டது. திதிக்காகத் தொண்டாமுத்தூருக்கு, உன் மகன் கட்டிய மாளிகைக்கு வந்திருந்தேன். நடுக்கூடத்தை மூன்று படி தாழ்த்தி, மேல்தளம், கீழ்த்தளம், படி எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்புக் கிரானைட் போட்டிருக்கிறானே, அந்தக் கூடத்தில்தான் பந்தி. நீ விழுந்து கிடந்த இடத்தில் வாழை இலை போட்டார்கள்.

உறவினர் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. தலைசுற்றலாம், வயதாம், நேரமாம். படியின் விளிம்பும் அதற்குக் கீழே உள்ள தரையும் ஒரே கறுப்பாக இருந்தால், எது மேலே, எது கீழே என்று எந்தக் கண் பிரித்தறியும்? சமதரை என்று நம்பித்தானே நீ காலை வைத்தாய்?

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் வெட்கக்கேடு. நீ வழுக்கி விழுந்ததாக முடிவுகட்டிய உன் புத்திசாலி மகன், பவானி ஜமுக்காளம் வாங்கிவந்து மேல்தளத்தில் படிவரைக்கும் விரித்துவிட்டான். பட்டை பட்டையாகச் சிவப்பும் கருநீலமும். சிவப்பு கண்ணுக்கு முன்னே எழுந்து வரும், நீலம் பின்னே போய்ப் பதுங்கும் என்று கல்லூரியில் இயற்பியல் நடத்திய நீ சாப்பாட்டு நேரத்தில்கூட எங்களை விட்டுவைக்காமல் சொன்னாய். உன் வயிற்றில் பிறந்தவன் காதில் மட்டும் அது விழவேயில்லை.

இப்போது கண்ணில் புரை விழுந்த மச்சான், உன் வீட்டுக்காரர், சிவப்புப் பட்டையை மேடு என்று எண்ணிக் காலைத் தூக்குகிறார். நீலப் பட்டையைக் குழி என்று எண்ணித் தடியால் தட்டிப் பார்க்கிறார். "தாத்தா டான்ஸ் ஆடறாங்க" என்று வீடே சிரிக்கிறது. இல்லாத பள்ளங்களில் ஏமாந்து சலித்தவர், உண்மையான பள்ளத்தையும் ஒருநாள் வெறும் நீலம் என்று நினைத்துக் காலை வைப்பார். இது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"படி விளிம்புக்கு மஞ்சள் போடு கண்ணு" என்றேன்.

"டிசைனர் ஒத்துக்கமாட்டாருங்க சின்னம்மா. லுக்கே போயிருமுங்க."

டிசைனராம்! அவர் கண்ணிலும் புரை விழுந்த பிறகு அந்தப் படியில் அவரை இறக்கிவிட வேண்டும்.

திதியன்று காலையில் ஜமுக்காளத்தைச் சுருட்டி மூலையில் தள்ளினேன். லாரிக்கு ஒட்டுகிற மஞ்சள் டேப்பை மூன்று விளிம்புகளிலும் ஒட்டினேன். உன் மகன் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஏனுங்க சின்னம்மா, ஊட்டை பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆக்கிப்போட்டீங்களே!"

"பஸ் ஸ்டாண்டுல உங்கம்மா உழுந்து சாகலே, சாமி. ஊட்டுலதான்."

மச்சான் வந்தார். விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார். தடி தரையைத் தட்டவில்லை. மூன்று படிகளையும் ஒரே சீராக இறங்கி, உன் படத்துக்கு எதிரில் போய் நின்றார்.

"அவளுக்கு இதை ஆரும் செஞ்சுகுடுக்கலியே, அம்மணி."

நீ இருந்தபோதே நானும்தான், அக்கா, அந்தப் படிகளில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். ஊர் முழுக்கக் குறை சொல்லித் திரிகிற என் வாய், விருந்தாளிக்கு எதற்கு வம்பு என்று அங்கே மட்டும் மூடிக்கொண்டது. உன் மகனைத் திட்டுவதில் பாதி எனக்கும் சேர வேண்டியது.

அந்த டேப்பை அவன் உரிப்பான், எனக்குத் தெரியும். உரித்தால் பெயிண்ட் டப்பாவோடு வருவேன். மச்சான் நடமாடுகிற வரைக்கும் அந்த விளிம்புகள் மஞ்சளாகவே இருக்கும்.

தாமதமாக வாய் திறந்த
உன் தங்கச்சி,
சரசு