அட்டவணையில் விட்ட வரி

மார்ச் 4

இல்லை, பொய் எதுவும் எழுதவில்லை. அட்டவணையில் ஒரு வரியை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

கட்டட நிறுவனம் ஒன்றில் வீடுகளை முப்பரிமாணத்தில் வரைந்து காட்டும் வேலைக்கு அண்ணி விண்ணப்பித்திருக்கிறாள். விலை குறைந்த மடிக்கணினிகளை ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு எனக்கு. “நீதான் வீட்டு மேதாவி, பார்த்துச் சொல்லு,” என்றான் அண்ணன்.

கடைசியில் இரண்டு நின்றன. இரண்டிலும் முப்பரிமாணப் படங்களை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு ஒரே பெயர் கொண்டது. தடித்ததில் அதற்கு எண்பது வாட் மின்சாரம் போகிறது, மெலிந்ததில் முப்பத்தைந்து. பெயர் ஒன்று, வேகம் பாதி. வாட் கணக்கை நான் எழுதவில்லை.

“ரெண்டும் ஒண்ணுதானே? அப்ப இந்த ஒல்லியானதையே எடுத்துக்கலாமா?”

“உங்க இஷ்டம் அண்ணி.”

மார்ச் 5

அவள் வேலைக்குப் போனால், எழ முடியாமல் கிடக்கும் அப்பாவை யார் புரட்டிப் படுக்க வைப்பது? அண்ணனா? அவனுக்கு அந்த அறையின் வாடையே ஆகாது. நான்தான். அப்புறம் என் முனைவர் பட்ட ஆய்வு?

மார்ச் 11

மெலிந்த மடிக்கணினி வந்துவிட்டது. அண்ணி மூடியை உள்ளங்கையால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள்.

மார்ச் 19

இன்று அண்ணிக்குத் தேர்வு. ஒரு வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதுபோல் இரண்டு நிமிடக் காணொளி. மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். மதியத்துக்குள் வரைந்து முடித்துவிட்டாள். காணொளியாக மாற்றும்போது கணினி கொதித்தது. அப்பாவின் மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். அப்பா வியர்த்துக் கிடந்தார்.

நான்கு மணிக்கு நாற்பத்தொரு விழுக்காடுதான் மாறியிருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

அவள் கூடத்தைக் குறை சொல்லவே இல்லை. “இல்லங்க, எனக்குத்தான் கை மழுங்கிப்போச்சு.”

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் — “தண்ணி குடிங்க அண்ணி” என்றுதான் வந்தது.

மார்ச் 20

நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 2

வேலை இல்லை என்று கடிதம். அண்ணி படித்தாள், அப்பாவுக்கு விரிப்பு மாற்றப் போனாள். திரும்பி வந்து மடிக்கணினியை என் மேசையில் வைத்தாள்.

“இனிமே எனக்கு எதுக்கு? நீ எவ்வளவு மெனக்கெட்டுத் தேடிக் கொடுத்த... உன் படிப்புக்காவது ஆகட்டும்.”

“சரி அண்ணி.”

கட்டுரை எழுத இந்தக் கார்டே அதிகம்.

அவள் வரைந்த வீட்டைத் திறந்து பார்த்தேன். ஆறு அறைகள். ஒன்றிலும் கட்டில் இல்லை. அதை அழித்துவிட்டு, என் ஆய்வேட்டைக் கணினியில் ஏற்றினேன்.