கயர்

ஓகஸ்ட் 4, திங்கள்

விடியவே கச்சான் காற்று. முற்றம் கூட்டி முடிக்க முன்னம் திரும்பவும் சருகு.

மத்தியானம் தம்பி குகன் வந்தான். பயணப் பையில் ஆறு போத்தல், துவாயில் சுற்றி, களவெடுத்த சாமான் மாதிரி. கொழும்பிலிருந்து எடுப்பித்ததாம். கிளிநொச்சியில் அவனுடைய கடைப் பலகையில் ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்று ஆளுயர எழுத்து. உள்ளே சாராயமும் பியரும் மட்டும். இப்போது திருவிழா, கலியாணம் என்று வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர் உண்மையாகவே வைன் கேட்கிறார்கள். என்ன சொல்லி விற்பதென்று தெரியாமல் குகன் முழிக்கிறான்.

“அக்கா, உங்களுக்குத்தானே இது தெரியும். குடிச்சுப் பாத்து என்ன ருசி எண்டு எழுதித் தாங்கோ. அட்டையில போட்டு வைப்பம்.”

பிரான்சில், லியோனில் ஒரு சின்ன வைன் கடையில் எனக்கு வேலை. முதலில் கூட்டித் துடைக்கப் போனேன். கடைசியில் கவுண்டரில் நின்று வெள்ளைக்காரருக்கே ருசி சொல்லி விற்றேன். என் மனுசன் காலமாகி, நான் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து எல்லோரும் கேட்பது முழங்கால் நோவைப் பற்றித்தான். இன்றைக்குத்தான் ஒருவன் எனக்குத் தெரிந்ததைக் கேட்டான். சந்தோசம். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோசம்.

வாங்க: சீனி, விளக்குமாறு, முழங்காலுக்கு எண்ணெய்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

குசினிக் கதவைப் பூட்டிவிட்டு வேலை. குடித்துத் துப்ப ஒரு பேசின். பக்கத்து வீட்டுக்காரி வேலியால் எட்டி, புளிச்ச மணம் வருகுது, வினாகிரி ஏதும் ஊற்றுண்டுபோச்சோ என்று விசாரிப்பு. ஓம் என்றேன்.

பிரெஞ்சுச் சொல் ஒன்றும் இங்கே உதவாது. செர்ரியை ஆர் கண்டது. புதிதாக யோசித்தேன்.

முதலாவது: தோடம்பழத் தோல், மெல்லிய உப்பு. மீனுக்கு.
இரண்டாவது: சீனித் தண்ணி. தள்ளு.
மூன்றாவது: பாலைப்பழம், மழை விழுந்த புழுதி, முடிவில் நாவற்காய்க் கயர். ஆட்டிறைச்சிக் கறிக்கு.
மற்ற மூன்றும் பரவாயில்லை.

மூன்றாவதைத் துப்பவில்லை.

இந்தக் கயருக்கு அங்கே ஒரு சொல் இருக்கிறது. அது விளங்க எனக்கு எவ்வளவு காலம் பிடித்தது. இங்கே நாவற்காய் கடித்த சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கைப்பு வேறு, கயர் வேறு. கைப்பு நாக்கோடு போய்விடும், கயர் பல் முரசையும் கன்னத்தையும் பிடித்து இழுக்கும். நல்ல கறியோடு சேர்ந்தால் இளகும். இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

பௌர்ணமிப் போயா. கடை பூட்டு. தம்பி கு. சாப்பிட வந்தான். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு. அட்டைகளை வாங்கிப் பையில் வைத்தான், வாசிக்கவில்லை.

பின்னேரங்களில் கடைக்கு வந்து நிற்கட்டோ என்று கேட்டேன். வாங்க வருகிறவர்களுக்கு நேரே சொன்னால் இன்னும் நல்லது.

போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “பொம்பிளையள் உதுக்குள்ள நிக்கேலாது அக்கா. சட்டம். பொம்பிளையளுக்கு விக்கவும் ஏலாது. எங்கட சனத்தின்ர வாயும் இருக்கெல்லோ.”

சட்டம் அவன் போட்டதில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அட்டையின் அடியில் என் பெயரையாவது சின்னதாகப் போடச் சொன்னேன். பாப்பம் என்றான். அவனுடைய ‘பாப்பம்’ எனக்குத் தெரியாததா.

ஓகஸ்ட் 11, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. பாங்குக்குப் போனேன். பஸ் தரிப்பு கு.வின் கடைக்கு எதிர்ப்பக்கம். மதகில் காலையிலேயே மணியண்ணை. முந்தி ட்ரக்டர் ஓடினவர், இப்போது கடை திறக்கும் வரை அதிலேயே குந்தியிருப்பார். “தங்கச்சி, சுகமோ?” என்றார். கேட்காதது மாதிரி மற்றப்பக்கம் திரும்பி நின்றேன்.

போத்தல்களைக் கண்ணாடி யன்னலில், வெயிலுக்கு நேரே நிறுத்தி வைத்திருக்கிறான். நிழலில் படுக்க வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தது ஆருக்கு?

ஓகஸ்ட் 13, புதன்

குகனின் மனைவி வந்தாள். பாவம், நல்ல கதை என்று நினைத்துத்தான் சொன்னாள். கனடாவிலிருந்து வந்த ஒருவர் அட்டைகளைப் படமெடுத்துக்கொண்டு போனாராம். பாலைப்பழம் என்று எழுத ஆருக்கு வந்தது என்று கேட்டாராம். “இவர் சொன்னவர், கொழும்பு ஹோட்டல் ஒண்டில இருக்கிற எக்ஸ்பேர்ட் ஒராளாம். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது மச்சாள்.”

நானும் சிரித்தேன். அவள் போனபிறகு கழுவின கோப்பைகளை எடுத்து இன்னொரு தரம் கழுவினேன். வயிறெரிகிறது. வேறு சொல் தேட மனமில்லை.

ஓகஸ்ட் 15, வெள்ளி

மூன்றாவதில் ஒன்று எனக்கு வேணும், காசு தருகிறேன் என்று கு.வுக்குப் போன். எடுக்கவில்லை. பின்னேரமும் இல்லை.

நாளைக்கு நானே போவேன்.

ஓகஸ்ட் 16, சனி

காற்று அடங்கிவிட்டது. நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன், ஏனென்று தெரியாது.

உள்ளே நின்ற ஆண்கள் கதையை நிறுத்தி வழிவிட்டார்கள். கவுண்டரில் செல்வன், தங்கமான பொடியன், எங்கள் வீட்டில் சாப்பிட்டவன். தலையைக் குனிந்துகொண்டான்.

“குறை நினையாதேங்கோ அக்கா. பொம்பிளையளுக்குக் குடுக்கேலாது. முதலாளி கமராவில பாப்பார்.”

அவனுக்குப் பின்னால் என் அட்டை. அழகாக அச்சடித்து. பாலைப்பழம் இருக்கிறது, புழுதி இருக்கிறது. கயர் இருந்த இடத்தில் ‘மெல்லிய இனிப்பு’.

வெளியே வந்து மதகடியில் நின்றேன். மணியண்ணை எழும்பி வந்து, காசைத் தாங்கோ, எது வேணும் என்று மட்டும் கேட்டார். யன்னலில் நின்ற போத்தலைக் காட்டி, பாலைப்பழம் என்று அட்டை போட்டது என்றேன். போய், பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து, மிச்சக் காசையும் சரியாகத் தந்தார்.

“இனிப்பு எண்டு போட்டுக் கிடக்கு. மெய்யோ தங்கச்சி?”

“இல்லை அண்ணை. கயர்க்கும்.”

“நாவக்காய் மாதிரியோ?”

“ஓம். அப்பிடித்தான்.”

“அப்ப உதை அப்பிடியே எழுதியிருக்கலாமே.”

அப்படித்தான் எழுதினேன், அதை எழுதினது நான்தான் என்றேன்.

என்னையும் என் சேலையையும் ஒருக்கால் பார்த்தார். சிரித்துக்கொண்டு மதகுக்குத் திரும்பிப் போனார். நம்பவில்லை.