தாள் 212

ஐயா,

இன்று காலை கைப்பைக்குள் சிவப்புப் பேனை கசிந்து விரலெல்லாம் மை. குழாயடியில் நின்று தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. "சிவப்பு லேசில போகாது. அதுக்குத்தான் தாள் எண்ணை அதால எழுதச் சொல்லுறன்" என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. நீங்கள் கண்ணை மூடிவிட்ட செய்தி வந்து ஒரு கிழமை. எனக்கு அழுகை இன்றுதான் வந்தது.

நேரில் உங்களை ஜெர்மன்காரர் மரியாதைக்குச் சொல்கிற 'ஹெர்' போட்டுத்தான் கூப்பிட்டேன். இந்த மடலில் ஐயா என்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நீங்கள் ஜெர்மன் மத்திய அரசின் வழக்குத்தொடுநர். நான் உங்கள் கந்தோரில் வழக்குக் கோவைகளின் தாள்களுக்குத் துளை போட்டு, எண் போட்டு, கட்டி வைக்கிற யாழ்ப்பாணத்துப் பெண். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஒரு நிறுவனம் விற்கக்கூடாத இயந்திரப் பாகங்களை வெளிநாட்டுக்கு விற்ற வழக்கு உங்கள் மேசையில் இருந்தது. அதை மூடச் சொல்லி அமைச்சிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கியது. நேரே சொல்லமாட்டார்கள், சுற்றி வளைப்பார்கள். நீங்கள் சத்தம் போடுவதில்லை. "எழுத்தில தாங்கோ" என்பீர்கள். மறுமுனை அடங்கிவிடும். வைத்தவுடன் யார் பேசினார், என்ன சொன்னார் என்று குறிப்புச் சொல்வீர்கள். நான் தட்டச்சு செய்து கோவையில் சேர்ப்பேன். மூன்றாவது அழைப்பின் குறிப்பு தாள் 212. அதில்தான் அமைச்சரின் பெயர் இருந்தது.

நீங்கள் வெளியூருக்குப் போயிருந்த நாள், பிரிவுத் தலைவர் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "212ஐ எடுத்துத் தாள் வெட்டுற மெஷினில போடுங்கோ. பின்னால வாற எண்களைத் திருத்துங்கோ." போகிற போக்கில், என் வேலை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறதையும் நினைவூட்டினார். என் கணவருக்கு வேலை போய் எட்டு மாதம். பயந்துதான் எடுத்தேன், ஐயா. மெஷினில் போடக் கை வரவில்லை. ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். எண்களையும் திருத்தவில்லை. களவைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை எனக்கு.

மறுநாள் கோவையைத் திறந்தீர்கள். 211, அடுத்து 213.

"எங்கை?"

"வீட்டில இருக்கு."

"ஆர் எடுக்கச் சொன்னது? எழுதித் தருவீங்களோ?"

"ஏலாது" என்றேன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. நீங்கள் கோவையை மூடி வைத்தீர்கள். பிறகு, "சரி, நாளைக்குக் கொண்டு வாங்கோ" என்றீர்கள்.

கொண்டுவந்தேன். அதைத் திரும்பக் கட்டி, 'தாள் 212 ஒரு நாள் கோவையில் இருக்கவில்லை. பொறுப்பு என்னுடையது' என்று உங்கள் கையாலேயே எழுதிச் சேர்த்தீர்கள். பேசாமல் விட்டிருக்கலாமே என்று கேட்டேன். "நடந்தது கோவையில இருக்கவேணும்" என்றீர்கள். என் பெயரை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

வழக்கை மூட நினைத்தவர்கள் காத்திருந்தது அதற்குத்தான். கோவையைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாதவர் என்று சொல்லி வழக்கைப் பறித்தார்கள். இரண்டு மாதத்தில் உங்களைக் கீழ்மாடி நூலகத்துக்குப் பொறுப்பாக்கினார்கள். வழக்கை அடுத்து வந்தவர் மூடினார். எனக்கு வேலை நிரந்தரமானது. அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிப்பித்தேன்.

படிக்கட்டில் காணும்போதெல்லாம் பிள்ளைகளைச் சுகம் விசாரிப்பீர்கள். அந்தக் கதையை ஒருநாளும் எடுக்கவில்லை. ஒருமுறை ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். உங்களில் எனக்கு இருக்கிற கோபம் அது ஒன்றுதான்.

இப்போது யாரும் வாயால் ஒரு வேலை சொன்னால், "எழுத்தில தாங்கோ" என்று நானும் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கிறது. நான் எழுதித் தராதது எனக்குத் தெரியுமே.

ஆகவே, நீங்கள் கேட்டதைப் பிந்தித் தருகிறேன். தாள் 212ஐ எடுத்தது நான். எடுக்கச் சொன்னது பிரிவுத் தலைவர். உங்களுக்கு அதில் பங்கில்லை. நாளைக்கு இதையே ஜெர்மன் மொழியில் எழுதிக் கையெழுத்து வைத்து, பதிவறையில் கிடக்கிற அந்தக் கோவையில் சேர்க்கக் கொடுக்கப்போகிறேன். பென்சனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வருகிறது வரட்டும்.

அந்தக் கோவையின் கடைசித் தாள் 340. நாளைக்கு எழுதப்போகிற தாள் 341. வெற்றுத் தாளில் எண்ணை இப்போதே சிவப்பு மையால் போட்டுவிட்டேன்.