மீனலோசனியில் ஏறியவர்கள்

12-1-1969, ஞாயிறு
வாசிகசாலைக்கு இருபத்தைந்து வயதாகிறது. வெள்ளிவிழா மலரில் ஊர் வரலாற்றை நான்தான் எழுத வேண்டுமாம். முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவனுக்கு ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும் என்கிறார் தலைவர் ஏரம்பு. மறுத்திருக்கலாம். பெருமை விடவில்லை.

16-1-1969
நல்ல விஷயம் ஒன்று கிடைத்தது. எங்கள் கரையில் கட்டிய ‘மீனலோசனி’ என்ற பாய்க்கப்பல், பர்மாவின் அக்கியாப்பிலிருந்து அரிசி ஏற்றி வரும்போது 1887இல் புயலில் மூழ்கியிருக்கிறது. கோயிலில் கிடந்த ஓலையில் பெயர்களும் இருக்கின்றன. போனவர்கள் பதினொரு பேர். கரை சேராதவர்கள் இரண்டு பேர்.

23-1-1969
இதை யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி என் மனைவி மகாதேவி களைத்துப் போனாள். எல்லாரும் ஆளுக்கொரு பாட்டனாரோடு வருகிறார்கள். இன்று கடைக்காரச் சீவரத்தினம்.
“போஸ்மாஸ்ரர் ஐயா, எங்கடை அப்புவும் உந்தக் கப்பலிலைதான் போனவர்.”
“என்ன வேலையாய்?”
“தண்டையல்.”
தண்டையல் என்றால் கப்பல் தலைவன். இவர் நாலாவது தண்டையல். நாலு பேர் சேர்ந்து ஓட்டினால் கப்பல் மூழ்காமல் என்ன செய்யும்?

4-2-1969
முப்பத்துநாலு பேர்.

9-2-1969
விழாக்குழுக் கூட்டம். “கேட்ட எல்லாரையும் போடுங்கோ, ஊர் ஒற்றுமைதான் முக்கியம்” என்றார் ஏரம்பு. பிறகு என் கையெழுத்துப் பிரதியை வாங்கி, சுதந்திரம் கிடைத்த 1948க்குக் கீழே கோடு கிழித்தார்.
“இதோடை நிப்பாட்டுங்கோ அண்ணை. அதுக்குப் பிறகு நாங்கள் மீன்தானே பிடிக்கிறம்.”
மீனாம்! அவருடைய மெஷின் போட்டுகள் மூன்றும் இரவோடு இரவாக அக்கரைக்கு, இந்தியாவுக்குக் கள்ளமாக ஓடி, பீடி இலையும் சேலையும் ஏற்றி வருகின்றன. மீன் பிடித்து மெத்தை வீடு கட்டியவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. பிரதம விருந்தினர் யார் தெரியுமா? இளைப்பாறிய சுங்க அதிகாரி. தலையாட்டிவிட்டு வந்தேன்.

10-2-1969
1948இல் நின்றால் 1964 மார்கழி எங்கே போகிறது?
இந்தக் கொப்பியில் இதை எழுதியதே இல்லை. எழுதுகிறேன். ஏரம்புவுக்கு அப்போது நாலு போட்டுகள். நாலாவது புயலன்று அக்கரையிலிருந்து திரும்பவில்லை. அதில் போன இரண்டு பேர் அங்கே ஒதுங்கித் தப்பி வந்தார்கள். மூன்றாவது ஆள் எங்கள் மகன் தில்லைநாதன்.
போட் கரையை விட்டு எடுக்கவேயில்லை, பொடியன் கொழும்புக்கு ஓடிவிட்டான் என்று பொலிசுக்குச் சொன்னார் ஏரம்பு. ஊரே ஓம் என்றது. நானும் ஓம் என்றேன் — தப்பி வந்த மற்ற இரண்டு பிள்ளைகளையும் பிடித்து அடைத்துவிடுவார்களே என்று. கொழும்புக்குப் போனவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யலாமோ? செய்யவில்லை. முப்பத்தோராம் நாள் எல்லா வீட்டிலும் செத்தவரின் பெயர் போட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். என்ரை பிள்ளையின்ரை பேர் ஒரு கடுதாசியிலும் இல்லை.

11-2-1969
மகாதேவி கேட்டாள்: “இவ்வளவு பேரைப் போடுறியள். அவனுக்கு ஒரு வரி இல்லையோ?”
ஏரம்புவிடம் போனேன். “விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. வாறவர் கஸ்ரம்ஸ்காரன்.” கண்ணைப் பார்த்துச் சொல்லுறான்! வந்து படுத்துவிட்டேன்.

2-3-1969
ஐம்பத்தெட்டுப் பேர். தண்டையல் பதவிக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. தப்பி வந்தவன் என்றால் கப்பலை ஏன் விட்டுவிட்டு வந்தான் என்று கேட்பார்களாம். ஆகவே இப்போது மூழ்கியவர்களுக்குத்தான் கிராக்கி. கட்டிலில் கிடந்து செத்த பாட்டன்மாரையெல்லாம் ஒவ்வொருவராகக் கடலில் தள்ளிக்கொண்டிருக்கிறேன். ஏரம்பு தன்னுடைய பாட்டனாரையும் தள்ளச் சொன்னார். அந்த மனிதர் சந்தியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ‘கடலில் மாண்டோர்’ என்று தனிப்பக்கம் வேண்டுமாம். இரண்டு பேர் பதினேழு ஆகிவிட்டார்கள்.

18-3-1969
அச்சுக்கூடத்தில் புரூவ் பார்த்தோம். ஏரம்பு பாட்டனாரின் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். நான் இருந்து, பதினெட்டாவது பெயரை என் கையால் எழுதினேன். அந்தப் பதினெட்டில் உண்மையாகக் கடலில் போனவர்கள் மூன்று பேர்.
மகாதேவிக்குச் சொல்லவில்லை.

27-4-1969, ஞாயிறு
விழா. பந்தல், மேளம், சுங்க ஐயாவுக்கு ஆளுயர மாலை. மாண்டோர் பெயர்களை ஏரம்புவே வாசித்தார். பாட்டனாரின் பெயரை இரண்டு தரம் வாசித்தார்.
பதினெட்டாவதில் வாய் நின்றது. என்னைப் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் சுங்க ஐயா புத்தகத்தை விரித்து, விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு வருகிறார். வாசிக்காமல் விடவும் முடியாது.
“சோமசேகரம் தில்லைநாதன். வயது இருபத்துமூன்று.”
ஒலிபெருக்கியில், கடற்கரை வரைக்கும். ஊருக்கு விளங்கிவிட்டது. மௌன அஞ்சலி என்று ஏரம்பு மெல்லச் சொன்னார். முதலில் எழும்பியவர்கள் அன்று தப்பி வந்த அந்த இரண்டு பேரும்தான். பிறகு முழுச் சனமும். சுங்க ஐயாவும் எழும்பி நின்றார்.
மகாதேவி வாய்விட்டு அழுதாள். நாலு வருடமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்து அழுதவள். பெண்கள் வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள்.

28-4-1969
காலையில் சைவக்குருக்களிடம் போய் அந்தியேட்டிக்கு நாள் கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. வியாழக்கிழமை கீரிமலைத் தீர்த்தக்கரைக்குப் போகிறோம்.