சூலக்கரைக்கு வந்த பதினொரு குடும்பம்

சிவகாசி,
திங்கட்கிழமை காலை.

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம், அம்மா மாத்திரையைத் தவறவிடுவதில்லை, மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நினைத்தே எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நேற்று சூலக்கரையில் நம் கூட்டம் நடந்துவிட்டது தாயி! பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ள வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கட்டும் என்று நம் அச்சகத்திலேயே நோட்டீஸ் அடித்துக் கொடுத்தோமே, மூன்று குடும்பம் வந்தால் பெரிது என்று முப்பது வடைக்குச் சொல்லியிருந்தேன். பதினொரு குடும்பம் வந்தது! மதுரையிலிருந்து இதய டாக்டரம்மா ஈசிஜி மெஷினோடு வந்திருந்தார்.

வெம்பக்கோட்டை விவசாயி உக்கிரபாண்டி தன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்தார். மகள் பாண்டிலட்சுமிக்குப் பதினான்கு வயது, பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டால் மயங்கி விழுவாளாம். வலிப்பென்று மருந்து, பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று வீட்டில் அடி. திடீர்ச் சத்தம் கேட்டதும் இவள் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடுகிறது, இது நடிப்புமில்லை, வலிப்புமில்லை என்று டாக்டரம்மா ஈசிஜி தாளைக் காட்டி விளக்கியதும், "நீ நடிக்கேன்னுல்லா நெனச்சேன் தாயி, அடிச்சிட்டேனே" என்று அந்த மனிதர் எல்லார் முன்னாலும் அழுதார். அவள் என்ன செய்தாள் தெரியுமா, சிரித்தாள்! "நான் அப்பமே சொன்னேன்லப்பா" என்றாள். ஒருதடவைகூட விழாத தம்பி அருள்பாண்டிக்கும் எடுத்துப் பார்த்தால் அதே கோளாறு. விழுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம் பிரீத்தி, எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது! இரண்டு பேருக்கும் அன்றைக்கே மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

ஆனால் தாய்க்காரி வீரலட்சுமி, "ரெண்டு பிள்ளைக்குமா" என்று நடுங்கிப்போனாள். அப்போதுதான் உன் அம்மா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உன் அண்ணன் இறந்துபோன இந்த இரண்டு வருஷமாக வெளியாள் முன்னால் அவன் பெயரையே எடுக்காதவள், "எம்மகன் ஹரிபிரசாத் போன் மணி அடிச்சதுல திடுக்கிட்டு எந்திரிச்சான், அப்படியே சாஞ்சுட்டான். என்கிட்ட இருந்துதான் அவனுக்கு வந்திருக்கு, அப்ப எங்களுக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல, பயப்படாதீக. நான் மாத்திரை போட்டுக்கிட்டு எம்புட்டு நல்லா இருக்கேன் பாருங்க" என்றாள். நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதைக் கேட்டபோதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. கல்யாணம் முடியட்டும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று உன் இதயத்தைச் சோதிக்கவிடாமல் தடுத்தவன் நான்தான். உன் அம்மா அத்தனை பேர் முன்னால் சொன்னதை நான் ஒரு வீட்டாரிடம் மறைத்தேனே. இனி ஒளிக்க வேண்டாம். இதய டாக்டரைப் பார், அம்மாவுக்கு இருப்பதையும் அண்ணனுக்கு நடந்ததையும் முதலிலேயே சொல், அவரைக் கேட்காமல் புது மாத்திரை எதையும் போடாதே. மாப்பிள்ளையிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே வாசிக்கக் கொடு. கோபம் வந்தால் என்மேல் படட்டும்.

நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது நிறைந்து வாழ வேண்டும் தாயி. அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இம்புட்டு எழுதிட்டு, பிரீத்தி என்னைக்கு ஈசிஜி எடுக்கப் போறான்னு கேக்கலியே" என்கிறாள். தேதியைச் சொல், அன்றைக்கு இரண்டு பேரும் போன் பக்கத்திலேயே இருப்போம்.

உன் அப்பா,
சண்முகவேல்