ஏழு குண்டூசி

நவம்பர் 12, செவ்வாய்
காலையிலிருந்து மழை. பத்துபஸ்தியில் யார் வீட்டுத் துணியும் காயவில்லை. தங்கச்சி ஸ்டெல்லாவை அடக்கம் செய்து ஒன்பது நாள். இன்றுதான் தையல்கடை திறந்தேன்.

வேலை: பள்ளிச் சீருடை 3. டீச்சர் சுடிதார், கை குறைக்க. மாலதி தீதி ப்ளவுஸ், மகள் கல்யாணத்துக்கு.

குண்டூசி எண்ணினேன். 33. நாற்பது இருக்கணும். மேசைக்கு அடியில் காந்தத்தை ஓட்டியதில் ஒரு ஊக்கு, ரெண்டு ஹூக். குண்டூசி இல்லை.

மதியம் மீன் குழம்பு. ருசி தெரியவில்லை. சாப்பிட்டேன்.

நவம்பர் 13, புதன்
வீட்டுக்காரர் சொன்னார்: "ஏழு பின்னுக்கா இந்தப் பாடு? பஜார்ல ஒரு டப்பா வாங்கியாறேன்." வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று எனக்கே தெரியவில்லை.

இந்தத் தீவின் உப்புக் காற்றில் கத்தரிக்கோலே துருப்பிடிக்கும். குண்டூசி மட்டும் பளபளப்பு. அதைக் குத்தி வைக்கும் வெல்வெட் பந்து ஸ்டெல்லா செய்தது. சீப்பில் வந்த தன் முடியைச் சேர்த்துச் சேர்த்து உள்ளே அடைத்தாள். எண்ணெய் முடி, துரு அண்டாதாம். "எனக்கு முடி கொட்டுறது உன் அதிர்ஷ்டம்க்கா."

பந்தைத் திரும்ப மேசையில் வைத்தேன். அழுகை வரவில்லை. கரண்ட் போய் வந்தது.

நவம்பர் 14, வியாழன்
சீருடைக்குக் காலர் வைக்கும்போது ஞாபகம் வந்தது.

அடக்கத்தன்று அவளுக்கு நீல ப்ளவுஸ் போட்டேன். நான் தைத்ததுதான். நோயில் பாதியாக இளைத்திருந்தாள், தொளதொள. முதுகில் மடித்துக் குண்டூசி குத்தினேன், ஒரு தையல் ஓட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று. ஊசியில் நூல் கோக்கிறேன், வாசலில் குரல்: "ஃபாதர் வந்தாச்சு. மழை வேற வருது, சீக்கிரம்." தூக்கிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். நூல் என் கையிலேயே.

ஏழும் அவள் முதுகில். அதன் மேல் படுத்திருக்கிறாள்.

குத்தியதும் நுனியைத் திரும்ப மடிப்புக்குள் மறைக்கணும், அப்போதுதான் உடம்பில் படாது. அன்று மறைத்தேனா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. யாருக்குத் தைத்தாலும் முதலில் அவளுக்குப் போட்டுத்தான் பார்ப்பேன். கை வைக்கும் முன்பே "குத்துதுக்கா" என்று கத்துவாள், சும்மா. அன்று சொல்லவில்லை.

நவம்பர் 15, வெள்ளி
சீருடை 3 முடிந்தது. மழை. வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 16, சனி
வெயில்.
மாலதி தீதி ப்ளவுஸ் போட்டுப் பார்க்க வந்தார். மாப்பிள்ளைக்கு மாயாபந்தரில் வேலை, படகு ஜெட்டி பக்கம் வீடு, எல்லாம் அவரே இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் "ஹாங், ஹாங்". முதுகு லூஸ். மடித்துக் குத்தினேன். "ஆல்பின் தேக்கே," என்றார், குண்டூசி பார்த்து என்று.

குத்தி முடித்த பிறகுதான் கவனித்தேன். ஆறு குண்டூசி. ஆறின் நுனியும் மடிப்புக்குள். மறைக்கணும் என்று நான் நினைக்கவே இல்லை. கை தானாகச் செய்திருக்கிறது. மேலிருந்து கீழே விரலால் தடவினேன். எதுவும் படவில்லை.

குத்துகிறதா என்று இந்தியில் கேட்டேன். "நஹீ."
மறுபடி கேட்டேன். "நஹீ ரே பாபா."
மூன்றாவது தடவை வாயில் வந்தது, "குத்துதாடி?"
தீதிக்குத் தமிழ் தெரியாது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.